பிறந்த திகதியை விலைக்குக் கொடுக்க வேண்டாம்

வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, வெளிநாட்டுக்கு ஒருவரையாவது அனுப்பாத தெருவை இன்று காண்பது அரிது. தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிப்பவரின் மகள் குவைத்தில் இருக்கிறாள். மரமுந்திரிகைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் தாயின் மகன் கட்டாரில் இருக்கிறான். வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்தை விட்டு இறங்கி இம்மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. போவதை நாம் குறை கூறவில்லை. நாட்கூலியில் கடனை அடைக்க முடியாதவர் கடல் கடப்பது அவரது குற்றமல்ல. ஆனால் எந்தக் கடதாசியோடு போகிறார்கள் என்பதைப் பற்றி இம்முறை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

“வயது கொஞ்சம் குறையுது, நாங்க சரிப்பண்ணித் தாறம்” என்று வீட்டு வாசலில் நின்று சொல்லும் உபமுகவரை எமது வாசகர்களில் பலருக்குத் தெரியும். அவர் ஊருக்குப் பழக்கமானவர். சில வேளை உறவுக்காரர். கையில் முற்பணமும் கொண்டு வருவார். அவர் ‘சரிப்பண்ணுவது’ ஒரு பிள்ளையின் பிறந்த திகதியை. அதன் விலை என்னவென்று அறிய நாம் தூரம் போக வேண்டியதில்லை. வாகரையையும் வெருகலையும் கடந்தால் மூதூர்.

மூதூர் ஷாபி நகரில், விறகு வெட்டிப் பிழைத்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் ரிஸானா நபீக். அவரது பிறப்புச் சான்றிதழின்படி பிறந்த திகதி 1988 பெப்ரவரி 4. 2005 மே மாதம் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவில் இறங்கியபோது, கையில் இருந்த கடவுச்சீட்டில் பிறந்த திகதி 1982 பெப்ரவரி 2 என்றிருந்தது. 17 வயதுப் பிள்ளை அந்தக் கடதாசியில் 23 வயதுப் பெண்ணாகிவிட்டார். ஆறு ஆண்டுகளை அவர் வாழவில்லை. முகவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

றியாத்துக்கு மேற்கே தொலைவில் உள்ள தவாத்மியில் ஒரு வீட்டில் அவருக்கு வேலை. வீட்டு வேலையோடு நான்கு மாதக் கைக்குழந்தையைப் பார்க்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. நாட்டுக்குப் போய் மூன்று வாரங்கூட ஆகாத நிலையில், மே 22 அன்று, அவரது பராமரிப்பில் இருந்தபோது அக்குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்பது ரிஸானாவின் வாக்குமூலம். கழுத்தை நெரித்தார் என்பது வீட்டாரின் குற்றச்சாட்டு. பொலிஸில் அவர் கொடுத்ததாகக் கூறப்பட்ட ஒப்புதலைப் பின்னர் மறுத்தார். அந்த ஒப்புதல் பெறப்பட்ட வேளையில் அவர் பேசுவதைச் சரியாக மொழிபெயர்க்கத் தகுதியான ஒருவர் இருக்கவில்லை. 2007 ஜூன் 16 அன்று மரணதண்டனை விதிக்கப்படும் வரை அவருக்கென ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை.

குழந்தையை இழந்த அந்தப் பெற்றோரின் துயரத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. நாம் இங்கே கேட்பது வேறொரு கேள்வி. சம்பவம் நடந்த நாளில் ரிஸானாவுக்கு 17 வயதும் மூன்று மாதமும். 18 வயதுக்குக் குறைந்தவர் செய்த குற்றத்துக்கு மரணதண்டனை விதிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 37ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991 இலும் சவூதி அரேபியா 1996 இலும் அந்தச் சமவாயத்தில் இணைந்தன. அந்த ஓர் உறுப்புரை ரிஸானாவின் உயிருக்கு அரணாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சிறுமி என்று சொல்ல வேண்டிய கடவுச்சீட்டே அவர் வயது வந்தவர் என்று சாட்சி சொன்னது. பிறப்புச் சான்றிதழை முன்வைக்க நீதிமன்றம் இடமளிக்கவில்லை என்று ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் அமைப்பு கூறியது. இலங்கை அரசு பேசியது. ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு மேன்முறையீட்டுக்குப் பணம் திரட்டியது. உலகெங்குமிருந்து கருணை மனுக்கள் போயின. எல்லோரும் பிறப்புச் சான்றிதழைக் காட்டினார்கள். சவூதித் தரப்பு கடவுச்சீட்டைக் காட்டியது. 2013 ஜனவரி 9 அன்று அவரது தலை துண்டிக்கப்பட்டது. ஏழரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அவருக்கு அப்போதும் 25 வயது நிறையவில்லை.

திகதியை மாற்றியவர்களுக்கு என்ன நடந்தது? பயண ஆவணங்களில் மோசடி செய்த இரண்டு முகவர்களுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கடதாசியில் பொய் எழுதியவருக்கு இரண்டு ஆண்டு. அந்தக் கடதாசியைச் சுமந்து சென்ற பிள்ளைக்கு மரணம். இந்தக் கணக்கை எமது ஒவ்வொரு குடும்பமும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஆவண மோசடியில் ஆதாயம் ஒருவருக்கும் தண்டனை இன்னொருவருக்கும் போகிறது. தண்டனை எப்போதும் வயதில் குறைந்தவரையும் வசதியில் குறைந்தவரையுமே தேடி வருகிறது.

ரிஸானாவின் கதை எல்லையின் கடைசியில் நிற்பது. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் பொய்த் திகதி, பொய்ப் பெயர், பிறர் கடவுச்சீட்டு என்பன உயிரை எடுக்காவிட்டாலும் வாழ்வை எடுக்கும் வழிகள் பல உண்டு.

ஒரு தொழிலாளி வெளிநாட்டில் விபத்தில் சிக்கினாலோ இறந்தாலோ, நட்டஈடும் காப்புறுதியும் கடதாசியில் உள்ள பெயருக்கே பேசும். கடவுச்சீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால், இறந்தவர் தன் மகன்தான் என்று ஒரு தாய் நிரூபிக்க வேண்டிய நிலை வரும். உடல் ஊர் வந்து சேரவும் நாட்கள் நீளும். சம்பளம் தராத எசமான் மீது முறையிட நினைக்கும் பெண், தன் கடவுச்சீட்டில் உள்ள பொய் வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சத்தில் தூதரகத்தின் வாசலுக்கே போகமாட்டாள். இதை எசமானும் அறிவார், முகவரும் அறிவார். வாயைத் திறந்தால் நீயும் மாட்டுவாய் என்ற மிரட்டலுக்கு அந்தப் பொய்யே ஆயுதமாகிறது. அடி வாங்கியும் பேசாமல் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் பயந்தவர்கள் அல்லர். பலர் கடதாசியால் கட்டப்பட்டவர்கள்.

எமது இளைஞர்களிடம் வேறொரு விதமான மோசடியும் புழங்குகிறது. ‘தலை மாத்தின பாஸ்போட்’ என்று எமது மக்கள் சொல்வது அதைத்தான். பிறருடைய கடவுச்சீட்டில் தன் படத்தை ஒட்டுவது, தன்னைப் போல முகமுடைய ஒருவரின் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போவது, முன்பு நாடு கடத்தப்பட்ட முத்திரை தெரியாமல் பக்கத்தைக் கிழிப்பது, பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புதிதாக விண்ணப்பிப்பது என இதற்குப் பல முகங்கள். போர்க்காலத்தில் உயிர் தப்ப இப்படிப் போனவர்களை நாம் குற்றவாளிகள் என்று சொல்லமாட்டோம். அகதியாக நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் தோன்றித் தகுந்த காரணம் சொல்பவரைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் தனது 31ஆம் உறுப்புரையில் கூறுகிறது. அந்தப் பாதுகாப்பு வேலை தேடிப் போகிறவருக்கு இல்லை.

அவருக்குக் காத்திருப்பது வேறு சட்டம். பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டு அடையாள ஆவணங்கள் சட்டத்தின்படி, தவறான நோக்கத்தோடு பொய் ஆவணமோ பிறருடைய ஆவணமோ வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. இந்தியா 2025 இல் கொண்டுவந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில், பொய்க் கடவுச்சீட்டைத் தெரிந்தே பயன்படுத்துவோருக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், அதோடு இலட்சக்கணக்கில் அபராதமும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துத் தருகிறேன், சென்னை வழியாக அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் இதைக் கேளுங்கள். எமது நாட்டிலும் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழும் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழும் இது சிறைத்தண்டனைக்குரிய குற்றமே.

காலமும் மாறிவிட்டது. முன்பு படத்தையும் மையையும் மட்டுமே பார்த்தார்கள். இலங்கையில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பவரின் கைவிரல் அடையாளம் 2015 முதல் பதிவு செய்யப்படுகிறது. ஐக்கிய அரபு இராச்சியம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணின் கருவிழியைப் பதிந்து, நாடு கடத்தப்பட்டவர் புதுப் பெயரில் திரும்பி வந்தாலும் கண்டுபிடிக்கிறது. பெயரை மாற்றலாம். விரலையும் விழியையும் மாற்ற முடியாது. பத்து வருடத்துக்கு முன் போனவன் போய்ச் சேர்ந்தானே என்ற கதையை நம்பி இன்று யாரும் புறப்பட வேண்டாம்.

கடதாசியின் அருமையைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளரின் வரலாறே அதுதான். 1948 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களுக்கு யார் அத்தாட்சி எழுதி வைத்தார்கள்? ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எமது மக்களை 525,000 என்றும் 300,000 என்றும் பங்கு பிரித்தது. மீதி இருந்த 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தக் கணக்கு முடிந்து, 2003 ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. கடதாசி இல்லாததால் தாத்தா நாட்டை இழந்தார். பேரப்பிள்ளை கடதாசியில் பொய் எழுதப்பட்டதால் தன்னை இழக்கலாமா?

கிழக்கில் எமது கடதாசிகள் வேறு விதத்திலும் அழிந்தன. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி தென்னந்தோட்டங்களைச் சாய்த்தபோது கூரையோடு பெட்டிகளும் போயின. போரில் இடம்பெயர்ந்தபோது பலர் பிள்ளையைத் தூக்கினார்கள், பைலைத் தூக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் மிச்சத்தையும் கொண்டு போனது. ஆவணம் இல்லாத வீடுதான் முகவருக்கு வாய்ப்பான வீடு. இல்லாததை எடுத்துத் தருவதாக உள்ளே வருபவர், தனக்கு வேண்டிய வயதை எழுதிக்கொண்டு வெளியே போகிறார். ஆகவே உண்மையான ஆவணத்தை நேரகாலத்தோடு எடுத்து வைத்திருப்பதே பொய் ஆவணத்துக்கு எதிரான முதலாவது வேலை.

பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தாலும் வழி உண்டு. மூன்று மாதம் கடந்த பிறப்பைக் காலங்கடந்த பதிவாகப் பதியலாம். பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கேளுங்கள். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதானவுடன் விண்ணப்பிக்கலாம். கிராமத்தில் கிராம உத்தியோகத்தரும் பெருந்தோட்டத்தில் தோட்ட அத்தியட்சகரும் விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவார்கள். அட்டை கிடைத்தால் அதன் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டும், 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி 4 இல் பிறந்த ஆணுக்கு 035, பெண்ணுக்கு 535. முகவர் கொண்டுவந்து தரும் கடவுச்சீட்டின் திகதியை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பொருந்தாவிட்டால் அந்தப் பயணம் வேண்டாம்.

போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தே போக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பிப் போன எமது பெண்கள் 2022 இல் ஓமானில் என்ன பாடுபட்டார்கள் என்பதை நாடே பார்த்தது. சந்தேகம் இருந்தால் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். புறப்படும் முன் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். பாடசாலைச் சேர்வு இடாப்பின் பிரதி, கிளினிக் அட்டை, கோவிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ உள்ள பதிவு என்பனவும் வயதுக்குச் சாட்சிகளே. அவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏற்கனவே பொய்த் திகதியோடு போய்விட்ட பிள்ளை இருந்தால், ஏதும் நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உண்மையான ஆவணங்களோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். சட்டத்தரணியிடம் கேட்டு, தூதரகத்துக்கு எப்படி அறிவிப்பது என்று முடிவெடுப்போம். வாருங்கள் என்று நாம் அழைப்பது விசாரிக்க அல்ல, துணை நிற்க.

இவ்வளவையும் குடும்பங்களிடம் மட்டும் சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. ஆள்வோரிடமும் சொல்ல வேண்டியவை உண்டு.

முதலாவது, வயதெல்லையை ஏற்றி இறக்குவதால் மட்டும் பிள்ளைகள் காப்பாற்றப்படுவதில்லை. ரிஸானா கொல்லப்பட்ட பின் சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் ஆகக்குறைந்த வயது 25 ஆகவும், ஏனைய மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2022 ஜூனில், டொலர் தட்டுப்பாட்டின் நடுவே, எல்லா நாடுகளுக்கும் 21 என்று அமைச்சரவை குறைத்தது. எல்லை எங்கே நின்றாலும் அதற்குக் கீழே நிற்கும் பிள்ளையைத் தேடி முகவரின் பேனா வரும். அந்தப் பேனாவைப் பிடிக்க வேண்டும். பொய் ஆவணத்தில் அகப்படும் இளைஞரோடு வழக்கு முடியக் கூடாது. ஆவணம் செய்தவர், விற்றவர், கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட்டவர் வரை அது போக வேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர், தன் பெயரில் ஊரூராய்த் திரியும் உபமுகவரின் செயலுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பிறப்புப் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் நடமாடும் சேவை தோட்டங்களுக்கும் படுவான்கரைக் கிராமங்களுக்கும் தவறாது வர வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்காகப் பாதையேறி, பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவரிடம் ‘நாளைக்கு வா’ என்று சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். அந்த ‘நாளைக்கு’ தான் முகவருக்கு வாசல் திறந்து விடுகிறது.

மூன்றாவது, எமது பிள்ளைகள் வேலை செய்யும் நாடுகளின் தூதரகங்களில், கைதான முதல் நாளிலேயே தமிழில் பேசக்கூடிய மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் கிடைக்க வேண்டும். ரிஸானாவுக்கு அவர்கள் 2005 மே மாதத்தில் தேவைப்பட்டார்கள். தீர்ப்புக்குப் பின் வந்த உதவி எவ்வளவு பெரியதாக இருந்தும் பயன்படவில்லை.

நான்காவது, கூலி. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரையும், 1,350 ரூபாவாவதற்கு 2024 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னையிலும் மரமுந்திரிகையிலும் நாட்கூலிக்கு நிற்பவருக்கு அந்த அளவு நிச்சயமும் இல்லை. நுண்கடன் வசூலிப்பவர் வாரந்தோறும் வாசலில் நிற்கும் வீட்டில், 17 வயது மகள் ‘நான் போறன் அம்மா’ என்று சொல்வதற்கு முகவர் கூடத் தேவையில்லை. வாழப் போதுமான கூலிக்காக நாம் நடத்தும் போராட்டமும் பிறந்த திகதியைக் காக்கும் போராட்டமும் வேறு வேறல்ல.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் காணி எழுதிக் கொடுக்க முடியாமல் இருக்கலாம், நகை போட முடியாமல் இருக்கலாம். எந்த வசதியும் இல்லாமலே நீங்கள் கொடுத்த ஒன்று உண்டு. அது அந்தப் பிள்ளை பிறந்த நாள். அந்நிய மண்ணில், மொழி தெரியாத நீதிமன்றத்தில், உங்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ‘இது இன்னும் சிறு பிள்ளை’ என்று அதுவொன்றுதான் பேசக்கூடும். அதை மாற்றித் தருமாறு கேட்பவர் முற்பணமாக எவ்வளவு நீட்டினாலும் கையொப்பம் வைக்காதீர்கள். அவர் உங்கள் வாசலுக்கு வந்தால் அவரது பெயரையும் அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு உங்கள் தோட்டத் தலைவரிடமோ சங்கக் கிளையிடமோ கொடுங்கள். அந்தப் பெயரைப் பணியகத்துக்கும் பொலிஸுக்கும் கொண்டு போவது எமது பொறுப்பு.